மழையிலும் காற்றிலும் நிதி திரட்டும் சைக்கிள் பயணம்: குமரி மாவட்டத்தில் ஓட்டுபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஜூனில் தொடங்கினால் டிசம்பர் வரை எந்த ஞாயிற்றுக்கிழமையும் நனையலாம். அதனால் நிதி திரட்டுவதற்காக நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டத் திட்டமிடுகிறவர்கள், மழை வரும் என்று வைத்துக்கொண்டே தயாராக வேண்டும்.

படுக்கையை விட்டு எழ முடியாத நோயாளிகளுக்கு நீர்ப்படுக்கை வாங்கித் தருவதற்காக நண்பர்கள் சேர்ந்து ஓட்டுகிறோம். நான் பெரும்பாலும் கூட்டத்தின் கடைசி ஆளாக வருவேன். புதிதாக வருகிறவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பது கடைசியில் வருகிறவனுக்குத்தான் தெரியும். நனைந்து, பசித்து, கை விறைத்துப்போன ஒருவர் எடுக்கும் முடிவு அநேகமாகத் தப்பாகவே இருக்கும். எனவே முடிவு என்று எதுவெல்லாம் உண்டோ, அதையெல்லாம் வீட்டில் உலர்ந்த சட்டையோடு இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். கீழே உள்ளவற்றில் முதல் ஆறு படிகள் சைக்கிளில் ஏறுவதற்கு முன்பே முடிய வேண்டியவை.

1. முதலில் பணத்தைப் பேசி முடியுங்கள்

எல்லோரும் இதைக் கடைசிக்குத் தள்ளுவார்கள். மழை நாளில் ஆபத்து இங்கிருந்துதான் தொடங்குகிறது.

"கிலோமீட்டருக்கு 50 ரூபாய் தருகிறேன்" என்று ஒருவர் வாக்குக் கொடுத்திருந்தார். கருங்கல் தாண்டியதும் எங்கள் தம்பி ஒருவனுக்குப் பல் கிட்டித்தது. வண்டியில் ஏறச் சொன்னால், "வேண்டாம் அண்ணே, இன்னும் நாற்பது கிலோமீட்டர் காசு போயிரும்" என்கிறான். அவன் உடம்பை அவனே விலைபேசிக்கொண்டிருந்தான். அன்று அவனைப் பேசிப் பேசி ஏற்ற வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு, தூரத்தோடு சேர்ந்த வாக்கை நாங்கள் வாங்குவதில்லை. தருகிறவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்: "மழையால் பாதியில் நிறுத்தினாலும், நாள் தள்ளிப் போனாலும் இந்தத் தொகை நோயாளிக்குப் போகும்." மறுத்தவர்களை நான் இதுவரை பார்த்ததில்லை.

பணம் நேராக அறக்கட்டளையின் வங்கிக் கணக்குக்குப் போகட்டும், உங்கள் சொந்த ஜீபே எண்ணுக்கு வேண்டாம். வரிவிலக்கு கேட்பவர்களுக்கு அந்த அறக்கட்டளையிடம் நன்கொடைக்கான வரிவிலக்குப் பதிவு (80ஜி என்பார்கள்) இருக்கிறதா என்று கேட்டுச் சொல்லுங்கள். பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கே அது பயன்படும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்த விலக்கு கிடைக்காது. பயணத்துக்கு முன்பே பாதிக்கு மேல் பணம் வந்துவிட்டால் ஓட்டுகிறவர்களின் மனசு இலேசாகிவிடும்.

2. பாதை, அதைவிட முக்கியமாகத் திசை

எங்கள் பாதை இது: நாகர்கோவிலில் கிளம்பி தோவாளை, ஆரல்வாய்மொழி. அங்கே திரும்பி செண்பகராமன்புதூர், பூதப்பாண்டி, சுருளக்கோடு, குலசேகரம். பிறகு திற்பரப்பு, அருமனை வழியாக மார்த்தாண்டம். அப்புறம் கருங்கல், குளச்சல், முட்டம், இராஜாக்கமங்கலம் என்று கடற்கரை ஓரமாக வந்து நாகர்கோவில்.

இதே வட்டத்தை எதிர்த்திசையிலும் ஓட்டலாம். தென்மேற்குப் பருவத்தில் தயவுசெய்து ஓட்டாதீர்கள். காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது. நான் சொன்ன திசையில் போனால், உடம்பில் தெம்பு இருக்கும் காலையில் பூதப்பாண்டிப் பக்கம் எதிர்காற்றைச் சந்திப்பீர்கள். களைத்துப்போன மாலையில் குளச்சலிலிருந்து தென்கிழக்காக வரும்போது அதே காற்று முதுகில் தள்ளும். மாற்றி ஓட்டியவர்கள் முட்டத்துக்கு முன்பே இறங்கி சைக்கிளை உருட்டியதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. நாம் சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறோம். இந்தத் திசையில் பெரிய திருப்பங்கள் பெரும்பாலும் இடப்பக்கமாகவே வரும். மழையில் பின்னால் வரும் லாரிக்குக் குறுக்கே சாலையைக் கடந்து வலப்பக்கம் திரும்ப வேண்டிய தேவை குறைகிறது.

பாதையோடு, பாதியில் விட்டுத் திரும்பும் இடங்களையும் குறித்துவிடுங்கள். குலசேகரத்தில் விட்டால் தக்கலை வழியாக நாகர்கோவில் வரலாம். குளச்சலில் விட்டால் திங்கள்சந்தை வழி. இந்த இரண்டும் ஓட்டுகிற ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இடையில் எங்காவது நின்றுகொண்டு "எப்படித் திரும்புவது" என்று பேசத் தொடங்கினால், பேசி முடிப்பதற்குள் எல்லோரும் குளிர்ந்துவிடுவார்கள்.

3. போகாமல் இருப்பதற்கான விதியை எழுதி வையுங்கள்

முந்தைய நாள் மாலை வானிலை மையத்தின் மாவட்ட எச்சரிக்கையைப் பாருங்கள். வானிலைக் கணக்கில் 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. தொட்டால் கனமழை, 115.6-லிருந்து மிகக் கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதிகனமழை. எங்கள் விதி: எச்சரிக்கையின் நிறம் மஞ்சள் என்றால் போகிறோம். ஆரஞ்சு என்றால் குலசேகரம் வரை மட்டும், அதுவும் காலையில் மறுபடியும் பார்த்துவிட்டு. சிவப்பு என்றால் நாள் தள்ளிவைப்பு, பேச்சே கிடையாது.

மழையளவு ஒருபுறம் இருக்கட்டும், அணைகளையும் பாருங்கள். பேச்சிப்பாறையின் முழுக் கொள்ளளவு 48 அடி, பெருஞ்சாணி 77 அடி. நீர்மட்டம் நாளிதழ்களில் வருகிறது. நிரம்பும் நிலைக்கு வந்து உபரிநீர் திறந்தால் கோதையாற்றில் வெள்ளம் பெருகும், திற்பரப்பில் குளிக்கத் தடை போடுவார்கள். குழித்துறைச் சப்பாத்தின் (ஆற்றைக் கடக்கும் தாழ்வான பாதை) மேல் தண்ணீர் ஓடும். கணுக்கால் அளவுதான் என்று சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடக்க நினைக்காதீர்கள். ஓடுகிற தண்ணீரின் வேகம் மேலிருந்து பார்த்தால் தெரியாது. பெரிய பாலம் இருக்கிறது, அதில் போங்கள்.

புயல் சின்னம் என்று அறிவிப்பு வந்தால் எந்த நிறத்தையும் பார்க்க வேண்டாம். 2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் வந்தபோது இங்கே ரப்பர் மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நிறுத்தச் சொல்லும் உரிமை ஒரே ஆளிடம் இருக்கட்டும். அவர் அன்று சைக்கிள் ஓட்டாதவராக, பின்னால் வரும் குட்டியானையில் (சிறிய சரக்கு வண்டி) இருப்பவராக இருந்தால் நல்லது. அவர் உலர்ந்திருப்பார், தெளிவாக யோசிப்பார்.

4. சைக்கிளை மழைக்குத் தயார் செய்யுங்கள்

இதை இரண்டு நாள் முன்பே செய்யுங்கள். முந்தைய இரவு ஏதாவது பழுது தெரிந்தால் கடை திறந்திருக்காது.

பிரேக் ஷூவை முதலில் பாருங்கள். அதிலுள்ள கோடுகள் தேய்ந்து மறைந்திருந்தால் மாற்றுங்கள். மழையில் மணல் சேர்ந்து அரைப்பதால், பாதித் தேய்ந்த ஷூ ஒரே நாளில் தீர்ந்துபோகும். ரிம்மைத் துடைத்து, ஷூவில் குத்தியிருக்கும் கல்துகளை ஊசியால் எடுத்துவிடுங்கள்.

டயரில் வழக்கமாக வைக்கும் காற்றிலிருந்து 10 பி.எஸ்.ஐ. அளவு குறையுங்கள். டயர் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே மட்டும் போகக் கூடாது. சற்றே தளர்ந்த டயர் ஈரச் சாலையை நன்றாகப் பிடிக்கும். கல் மாதிரி காற்றடித்துக்கொண்டு வந்தவர்கள்தான் வளைவில் வழுக்குகிறார்கள்.

செயினுக்கு மழைக்கென்று விற்கும் கெட்டியான எண்ணெயைப் போடுங்கள். துரு நீக்கும் ஸ்ப்ரேயை அடித்துவிட்டு எண்ணெய் போட்டதாக நினைக்கிறவர்கள் நிறையப் பேர். அது உள்ளே இருக்கிற எண்ணெயையும் கழுவிவிடும். இரண்டு மணி நேர மழையில் செயின் கீச்சிடத் தொடங்கும்.

மட்கார்டு கட்டாயம், பின்சக்கரத்துக்கு மட்டுமாவது. உங்கள் முதுகுக்காகச் சொல்லவில்லை. பின்னால் வருகிறவரின் கண்ணில் உங்கள் சக்கரத்துச் சேறு விழாமல் இருக்க வேண்டும். பின்புறச் சிவப்பு விளக்கு பகலிலும் மின்னட்டும்.

5. என்ன உடுத்துவது

பருத்திச் சட்டையும் ஜீன்ஸும் வேண்டாம். பருத்தி தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு உடம்புச் சூட்டை இழுக்கும். விளையாட்டுக்காரர்கள் போடும் மெல்லிய செயற்கை இழைச் சட்டை போதும். அதன் மேல் உடம்போடு ஒட்டிய மெல்லிய காற்றுத்தடுப்புச் சட்டை.

பைக் ஓட்டும்போது போடுகிற பெரிய ரெயின்கோட்டைப் புதியவர்கள் பலர் மாட்டிக்கொண்டு வருவார்கள். உள்ளே வியர்த்து, மழையில் நனைவதைவிட அதிகமாக நனைந்துவிடுவார்கள். ஆரல்வாய்மொழிக் காற்றில் அது பாய்மரம் மாதிரி விரிந்து ஆளைச் சாலை நடுவுக்கு இழுக்கும்.

ஹெல்மெட்டுக்குள் முன்விளிம்பு உள்ள மெல்லிய தொப்பி போட்டால் மழைத்துளி கண்ணில் அடிக்காது. தொடை இடுக்கில் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தாராளமாகத் தடவுங்கள். ஈரத்துணி உரசினால் அறுபது கிலோமீட்டரில் தோல் உரிந்துவிடும். காலில் தெம்பு இருந்தும் உட்கார முடியாமல் விட்டவர்கள் உண்டு.

6. பையில் போக வேண்டியவை

இரண்டு புது டியூப், டயர் லீவர், கைப்பம்பு. பஞ்சர் ஒட்டும் பசையை மட்டும் நம்பி வராதீர்கள், நனைந்த டியூபில் அது பிடிக்காது. மழையில் பஞ்சர் கூடுதலாகவே வரும். கண்ணாடித் துண்டும் முள்ளும் தண்ணீரோடு ஓடிச் சாலை ஓரத்தில் சேர்கின்றன, ஈர ரப்பரில் சுலபமாக ஏறுகின்றன.

போனை ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். ஈர விரலுக்குத் தொடுதிரை வேலை செய்யாது. எனவே வண்டியில் வருபவரின் எண்ணையும் வீட்டு எண்ணையும் ஒரு தாளில் பென்சிலால் எழுதி அதே உறையில் வையுங்கள். பேனா மை கலைந்துவிடும். ஆம்புலன்ஸுக்கு 108. சில்லறை நோட்டுகளும் அங்கேயே.

இரண்டு பழைய நாளிதழ்த் தாள்களை மடித்து பிளாஸ்டிக்கில் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். எதற்கென்று பத்தாம் படியில் சொல்கிறேன். உலர்ந்த சட்டை, காலுறை, துண்டு மூன்றும் பெயர் எழுதிய பையில் குட்டியானையில் வரட்டும்.

7. சாப்பாடு

கிளம்புவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு சாப்பிட்டு முடிக்கவும். கஞ்சியும் பயறும் நன்றாக ஒத்துவரும். வயிறு முட்டப் புட்டு சாப்பிட்டுவிட்டு வந்தால் ஆரல்வாய்மொழி வரை நெஞ்சிலேயே நிற்கும்.

வழியில் 45 நிமிடத்துக்கு ஒருமுறை, பசித்தாலும் பசிக்காவிட்டாலும் ஏதாவது வாயில் போடுங்கள். மழையில் தாகம் தெரியாது, வியர்ப்பதும் தெரியாது. ஆனால் உடம்பு சூட்டுக்காகவும் சேர்த்துச் செலவு செய்துகொண்டிருக்கும். மட்டி வாழைப்பழத்தைவிட நல்ல வழிச்சாப்பாடு எனக்குத் தெரியாது. சிறியது, விறைத்த விரலாலும் உரிக்கலாம், இரண்டே கடியில் முடிந்துவிடும். மணிக்கு மூன்று நான்கு பழம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கடலைமிட்டாய் கொண்டு வருகிறவர்கள் உறையை வீட்டிலேயே வெட்டித் திறந்து டப்பாவில் போட்டு வாருங்கள். ஈரக் கையால் அந்த உறையைப் பல்லால் கடித்துக்கொண்டு ஒற்றைக் கையில் ஓட்டிய ஒருவர் வடிகாலில் இறங்கியதை நேரில் பார்த்தேன்.

8. முதல் பதினைந்து கிலோமீட்டர்: அடக்கி ஓட்டுங்கள்

தோவாளை தாண்டியதும் காற்று பின்னாலிருந்து தள்ளும். மலைகளுக்கு நடுவே உள்ள கணவாய் வழியாக மேற்குக் காற்று நெருக்கிக்கொண்டு பாய்கிற இடம் ஆரல்வாய்மொழி. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பதற்கும் அதுவே காரணம்.

புதியவர்கள் இங்கே பறப்பார்கள். "நம் கால் இன்று நன்றாக இருக்கிறது" என்ற நினைப்பு வரும். பிறகு செண்பகராமன்புதூர் பக்கம் திரும்பியதும் அதே காற்று முகத்தில் அறையும். முதல் பகுதியில் கொட்டிய தெம்பு திரும்பி வராது. பேசிக்கொண்டே ஓட்ட முடிகிற வேகத்துக்கு மேல் போகாதீர்கள். எதிர்காற்றில் இலேசான கியருக்கு மாறி, முழங்கையை மடித்து உடம்பைத் தாழ்த்துங்கள். வேகம் மணிக்கு 12 கிலோமீட்டருக்கு இறங்கினாலும் பரவாயில்லை.

பக்கவாட்டில் காற்று அடிக்கும்போது ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காதீர்கள். பிடி தளர்ந்திருந்தால் சைக்கிள் தானே நேராகும். பேருந்தோ லாரியோ உங்களைக் கடக்கும் நொடியில் காற்று நின்று, அடுத்த நொடி திரும்ப அடிக்கும். அதை எதிர்பார்த்து ஓரத்திலிருந்து ஒரு கை நீளம் இடம் விட்டு ஓட்டுங்கள்.

9. ஈரச் சாலை

பிரேக்கை முன்கூட்டியே மெதுவாக அழுத்துங்கள். சக்கரம் சில சுற்றுச் சுற்றி ரிம்மிலுள்ள தண்ணீரை வழித்த பிறகே பிடி கிடைக்கும். உலர்ந்த சாலையில் நிற்கத் தேவைப்படும் தூரத்தைப் போல இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். வளைவுக்குள் போன பிறகு பிரேக்கைத் தொடக் கூடாது, வேகத்தை முன்பே குறைத்துவிட வேண்டும்.

சுருளக்கோட்டிலிருந்து குலசேகரம், திற்பரப்பு வரை ரப்பர் தோட்ட நிழல். சாலை ஓரத்தில் பாசி, நடுவில் நனைந்த இலைக் குப்பை. கார்ச் சக்கரம் ஓடி ஓடிச் சுத்தமான தடத்திலேயே போங்கள். கல் ஏற்றிவரும் டாரஸ் லாரிகள் சிந்திய பொடியும் செம்மண்ணும் மழையில் குழம்பாகக் கிடக்கும் இடங்களில் மிதிப்பதை நிறுத்தி, நேராக உருளவிட்டுக் கடந்துவிடுங்கள்.

தேங்கிய தண்ணீருக்குள் குழி இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக் கோடு, இரும்பு மூடி, பாலத்து இணைப்பு, ரயில் தண்டவாளம் எல்லாம் ஈரத்தில் வழுக்கும். தண்டவாளத்தைச் செங்குத்தாகக் கடக்க முடியவில்லை என்றால் இறங்கி நடங்கள். நாங்கள் எல்லோரும் இறங்கித்தான் போகிறோம்.

ஒருவர் பின் ஒருவராக, நடுவில் மூன்று சைக்கிள் நீள இடைவெளியோடு போகவும். மழைச் சத்தத்தில் கத்தினால் கேட்காது. முன்னால் போகிறவர் குழியைக் கையால் காட்ட, ஒவ்வொருவரும் அதைப் பின்னுக்குக் கடத்த வேண்டும்.

10. நிற்பது எப்படி

ஓடிக்கொண்டிருக்கும்வரை உடம்பு சூடாக இருக்கும். ஆட்கள் விட்டுப்போவது அநேகமாகச் சாயாக்கடையில்தான். இருபது நிமிடம் பலகாரமும் பேச்சுமாக உட்கார்ந்தவர்களுக்கு, எழும்போது நடுக்கம் பிடித்துவிடும். அதன்பிறகு ஏறவே மனம் வராது.

பத்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். இறங்கியதும் முதலில் அந்த நாளிதழ்த் தாளைச் சட்டைக்குள் நெஞ்சில் செருகுங்கள். காற்று உள்ளே போகாது, ஈரத்தையும் உறிஞ்சும். அடுத்து சுக்குக் காப்பியோ சூடான கட்டன் சாயாவோ சர்க்கரை கூட்டி. குடித்துக்கொண்டே உள்ளங்கையை டம்ளரில் சூடாக்கிக்கொள்ளலாம். செயினில் நான்கு சொட்டு எண்ணெய், ஆள் எண்ணிக்கை, கிளம்பு.

உலர்ந்த சட்டையைக் குலசேகரத்திலேயே மாற்றிவிடாதீர்கள். ஐந்து நிமிடத்தில் அதுவும் நனைந்துவிடும், மாலைக்கு ஒன்றும் இருக்காது. குளச்சலில் மழை விட்டிருந்தால் மட்டும் மாற்றுங்கள். காலுறையை மட்டும் மார்த்தாண்டத்தில் பிழிந்து போட்டுக்கொண்டால் பாதம் ஊறிப் புண்ணாவது குறையும்.

11. நிறுத்த வேண்டிய நேரம்

மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் அது பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே கான்கிரீட் கட்டடத்துக்குள் போங்கள். தென்னைக்கும் ரப்பர் மரத்துக்கும் அடியில் ஒதுங்கக் கூடாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துக் கிளம்பலாம். ஐப்பசி, கார்த்திகையில் இடி மதியத்துக்கு மேல்தான் அதிகம் வரும். அந்த மாதங்களில் காலை ஐந்தரைக்கே கிளம்பிவிடுங்கள்.

குளிரைப் பொறுத்தவரை, நடுங்குகிறவர் தன்னைப் பற்றிச் சரியாகச் சொல்ல மாட்டார். "எனக்கு ஒன்றும் இல்லை" என்பார். கடைசி ஆளாக வருகிறவர் மூன்றைக் கவனிக்க வேண்டும்: பேச்சு குழறுகிறதா, கியர் மாற்ற விரல் வரவில்லையா, நேர்கோட்டில் ஓட்ட முடியவில்லையா. ஒன்று தெரிந்தாலும் வண்டியில் ஏற்றுங்கள், ஈர உடையைக் கழற்றித் துவட்டி உலர்ந்ததைப் போடுங்கள், இனிப்பாகச் சூடாக ஏதாவது கொடுங்கள். நடுக்கம் நின்றுபோய் ஆள் மந்தமானால் அது தேறியதன் அடையாளம் கிடையாது. நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

அப்போது அவரிடம் பணக் கணக்கை நினைவுபடுத்துங்கள்: தொகை முழுதாக வந்துவிட்டது, நீ இறங்கினால் ஒரு ரூபாய்கூடக் குறையாது. முதல் படியை முதலில் வைத்தது இதற்காகத்தான்.

12. வந்து சேர்ந்ததும்

புகைப்படத்துக்கு நிற்பதற்கு முன் உடை மாற்றுங்கள். விரல் இடுக்குகளைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்கவும். காலில் சிராய்ப்போடு தேங்கிய தண்ணீரில் இறங்கியிருந்தால் எலிக்காய்ச்சல் வர வாய்ப்பு உண்டு. இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், வெள்ளத்தண்ணீரில் நனைந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

சைக்கிளை அன்றே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். முட்டம் பக்கத்து உப்புக்காற்றும் மணலும் ஒரே இரவில் செயினில் துரு ஏற்றிவிடும். துடைத்து, உலர்த்தி, எண்ணெய் விடுங்கள். சீட் கம்பியை உருவிவிட்டுச் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தால் சட்டத்துக்குள் சேர்ந்த தண்ணீர் வடியும். பலர் இதைச் செய்யாமல் விட்டு, அடிப்பகுதி பேரிங் போய்விட்டது என்று ஒரு மாதம் கழித்து வருவார்கள்.

வாக்குக் கொடுத்து இன்னும் அனுப்பாதவர்களுக்கு அந்த வாரத்துக்குள் போன் செய்யுங்கள். எத்தனை நீர்ப்படுக்கை வாங்கியது, ரசீது எங்கே என்பதைக் கொடுத்த எல்லோருக்கும் அனுப்புங்கள், நூறு ரூபாய் கொடுத்தவருக்கும். நோயாளியின் முகம் தெரியும் படம் மட்டும் வேண்டாம்.